அத்தியாயம் 6: வீட்டு வைஃபையில் போன் பேச

கான்கிரீட் கூரை போட்ட வீட்டின் தரைத்தளத்தில் பல சமயம் டவர் சரியாகக் கிடைக்காது. போன் அடித்தால் வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ ஓட வேண்டியிருக்கும். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் அந்த ஓட்டம் தேவையில்லை. உள்ளூர், வெளியூர், வெளிநாடு என எல்லா அழைப்புகளையும் கூடத்தில் இருக்கும் வைஃபை வழியாகவே பேசலாம். அதற்கான ஏற்பாட்டை இந்த அத்தியாயத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

குரல் விட்டு விட்டுக் கேட்டால் பலரும் உடனே செய்வது, வேகம் கூடிய திட்டத்துக்கு மாறி மாதாமாதம் கூடுதலாகக் கட்டுவது. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பணம் வீண். பேச்சுக்குத் தேவையான வேகம் மிகக் கொஞ்சம். அது தடங்கலில்லாமல், நேரத்துக்கு வந்து சேர வேண்டும். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் அதற்காகத்தான்.

எவ்வளவு இன்டர்நெட் தேவை?

போனில் நீங்கள் பேசும்போது உங்கள் குரல் பொதுவாக 20 மில்லிசெகண்ட் நீளத் துண்டுகளாக நறுக்கப்பட்டு, நொடிக்கு 50 பொட்டலங்களாகக் கிளம்புகிறது. லேண்ட்லைன் தரத்தில் பேசப் பயன்படும் ஜி.711 முறையில் குரலுக்கு 64 கேபிபிஎஸ், பொட்டலத்தின் மேல் எழுதும் முகவரி விவரங்களுக்கு 16 கேபிபிஎஸ், ஆக 80 கேபிபிஎஸ் செலவாகும். போக, வர இரண்டும் சேர்த்து ஒரு மணி நேரப் பேச்சுக்கு 72 எம்பி. ஆப்களில் பரவலாக இருக்கும் ஓபஸ் முறையில் குரலை 24 கேபிபிஎஸ்ஸில் அனுப்பினால் இதில் பாதிதான் ஆகும். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் இது ஒரு மூலைக்கும் காணாது.

ஆனால் நேரம் தவறக் கூடாது. யூடியூப் வீடியோ அடுத்த சில நொடிகளுக்கானதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் இணைப்பு தள்ளாடினாலும் நமக்குத் தெரியாது. பேச்சை அப்படிச் சேர்த்து வைக்க வழியில்லை. தாமதமாக வந்த பொட்டலத்தைப் போன் தூக்கிப் போட்டுவிடும். அந்த இடத்தில் குரல் உடையும். அதனால்தான் வீடியோ நன்றாக ஓடும் வீட்டிலும் போன் பேச்சு சொதப்புகிறது.

மூன்று அளவுகளை நினைவில் வையுங்கள். ஒரு பக்கம் பேசியது மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்குள் ஆவது நல்லது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்லும் அளவு இது. அந்தத் தாமதம் ஏறி இறங்குவது 30 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். வழியில் தொலைந்துபோகும் பொட்டலங்கள் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது.

மூன்று வழிகள்

ஒன்று, ஆப் அழைப்பு. வாட்ஸ்ஆப் போன்றவை. இருபுறமும் ஒரே ஆப் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேச இதுவே செலவில்லாத வழி. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்ஆப் குரல் அழைப்பு முடக்கப்பட்டுள்ளது. துபாய், அபுதாபியில் இருப்பவர்கள் போட்டிம் போன்ற அனுமதி பெற்ற ஆப்களையே பயன்படுத்துகிறார்கள். அங்கிருந்து வாட்ஸ்ஆப் கால் வரவில்லை என்பதற்காக இங்கே ரவுட்டரை மாற்றாதீர்கள்.

இரண்டு, வைஃபை காலிங். உங்கள் சிம் எண்ணிலேயே, டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகப் பேசுவது. எதிர்முனையில் இருப்பவர் சாதாரண பட்டன் போன் வைத்திருந்தாலும் போதும். இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. சிம் ஒரு நிறுவனம், பிராட்பேண்ட் வேறு நிறுவனம் என்று இருந்தாலும் வேலை செய்யும்.

மூன்று, ஃபைபர் லேண்ட்லைன். ஃபைபர் இணைப்போடு தரும் எண்ணை வீட்டின் பழைய போனிலேயே பயன்படுத்துவது. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு நல்லது.

மூன்றுமே ஒரே பெட்டியை நம்பியவை. அதனால் முதல் வேலை ரவுட்டரில்.

ரவுட்டருக்கு இடம்

லைன் போட வருபவர் வயர் எங்கே சுலபமாக உள்ளே வருகிறதோ அங்கேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். வாசல் கதவுக்கு மேலோ டிவி ஸ்டாண்டின் அடித்தட்டிலோ அது உட்கார்ந்திருக்கும். அவர் சுவரில் துளை போடும் முன்பே இடத்தைச் சொல்லிவிடுங்கள். வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் இருக்க வேண்டும். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, ஃபிரிட்ஜ், மீன் தொட்டி ஆகியவற்றின் பக்கத்தில் வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும். சமையலறையிலிருந்து தள்ளியே வையுங்கள்.

பெட்டியை வைத்த பிறகு சிக்னலை அளந்து பாருங்கள். வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றை ஆண்ட்ராய்டு போனில் போட்டு, நீங்கள் வழக்கமாகப் பேசும் இடங்களில் நின்று பாருங்கள்: கட்டில் ஓரம், அடுக்களை, ஊஞ்சல். திரையில் மைனஸ் 50, மைனஸ் 70 என்று டிபிஎம் கணக்கில் எண் வரும். மைனஸுக்குப் பின் 67 அல்லது அதைவிடச் சிறிய எண் (மைனஸ் 60, மைனஸ் 55) வந்தால் பேச்சுக்குப் போதும். மைனஸ் 75, 80 என்று போனால் வைஃபை குறி திரையில் தெரிந்தாலும் பேச்சு நிற்காது. அளக்கும்போது போனைக் காதில் வைக்கும் நிலையிலும் ஒருமுறை பாருங்கள். கையும் தலையும் மறைப்பதாலேயே சிக்னல் குறையும்.

மாடியில் எட்டவில்லை என்றால் கடையில் மலிவாகக் கிடைக்கும் ரிப்பீட்டரை வாங்கத் தோன்றும். சாதாரண ரிப்பீட்டர் ஒவ்வொரு பொட்டலத்தையும் வாங்கி மறுபடி காற்றிலேயே அனுப்புகிறது. தாமதம் கூடி, வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதற்குப் பதில் கேட் 6 கேபிளை மாடிக்கு இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக மாட்டுங்கள். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். இரண்டிலும் ஒரே வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் போன் தானே மாறிக்கொள்ளும்.

2.4 அல்லது 5 ஜிகாஹெர்ட்ஸ்?

ஒரே அறையில், அல்லது ஒரு சுவர் தள்ளிப் பேசுவதென்றால் 5 ஜிகாஹெர்ட்ஸ். நெரிசல் குறைவு. ப்ளூடூத் ஹெட்செட்டும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது என்பதால் காதில் ஹெட்செட் மாட்டிப் பேசுபவர்களுக்கு 5 இன்னும் நல்லது. ஆனால் இது சுவர்களை ஊடுருவுவதில் சோப்ளாங்கி. இரண்டு சுவர் தாண்டினால் 2.4-க்குப் போக வேண்டியதுதான்.

2.4 பயன்படுத்தினால் ரவுட்டரில் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள். ஒன்றோடொன்று மோதாதவை இவைதான். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். அடுக்குமாடியில் இருந்தால் அதே அனலைசர் ஆப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எந்தச் சேனலில் இருக்கிறார்கள் என்று பார்த்து, கூட்டம் குறைந்ததை எடுங்கள். டபிள்யூஎம்எம் என்ற வசதி ரவுட்டரில் ஆன் ஆகி இருக்க வேண்டும். குரல் பொட்டலங்களுக்குக் காற்றில் முதலிடம் தருவது அதுதான்.

வைஃபை காலிங் ஆன் செய்ய

1. முதலில் அதே சிம்முக்கு வோல்ட்டி (4ஜி டவர் வழியாகப் பேசும் VoLTE வசதி) ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் பேசிக்கொண்டே வீட்டை விட்டு வெளியே போகும்போது அழைப்பு டவருக்கு மாறும்.

2. செட்டிங்ஸ் திறந்து, மேலே தேடும் கட்டத்தில் வைஃபை காலிங் என்று தேடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இது ஒளிந்திருக்கும் இடம் மாறும், தேடுவதே சுருக்குவழி. ஐபோனில் மொபைல் டேட்டா பகுதிக்குள் இருக்கும்.

3. இரண்டு சிம் போன் என்றால் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும். சில போன்களில் வைஃபைக்கு முன்னுரிமை, மொபைல் நெட்வொர்க்குக்கு முன்னுரிமை என்று கேட்கும். வீட்டில் டவர் மோசம் என்றால் வைஃபையைத் தேர்ந்தெடுங்கள்.

4. இப்போது சோதனை. ஏரோபிளேன் மோடைப் போடுங்கள். டவர் கம்பிகள் மறைந்துவிடும். பிறகு வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் மேலே போன் குறியோடு வைஃபை அடையாளமோ, நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் வைஃபை என்ற எழுத்தோ வரும். அப்படியே ஒருவருக்கு அழையுங்கள். போனால் ஏற்பாடு சரி. பிறகு அவரையும் உங்களை அழைக்கச் சொல்லுங்கள். வெளியே போகும் அழைப்பு சரியாக இருந்து உள்ளே வருவது கோளாறாக இருப்பதும் உண்டு.

அடையாளம் வரவில்லை என்றால் போனில் விபிஎன் ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். அலுவலக வைஃபையில் வேலை செய்யாமல் வீட்டில் மட்டும் செய்தால், அலுவலக ஃபயர்வாலில் யுடிபி 500, 4500 போர்ட்டுகள் அடைபட்டிருக்கலாம். போன் நிறுவனத்தோடு பாதுகாப்பான பாதையை அமைத்துக்கொள்ள வைஃபை காலிங்குக்கு அவை வேண்டும்.

கட்டணத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வைஃபை காலிங்கில் பேசினாலும் அது சிம் அழைப்புதான். உள்ளூர் அழைப்பு உங்கள் ரீசார்ஜ் திட்டத்துக்குள் அடங்கும். அமெரிக்க எண்ணுக்கு அழைத்தால் ஐஎஸ்டி கட்டணம் விழும். இன்டர்நெட்டில்தானே போகிறது என்று நினைத்துப் பேசிவிடாதீர்கள்.

பழைய போனை ஃபைபரில் மாட்ட

ஃபைபர் வயர் வந்து சேரும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். அதன் பின்பக்கத்தில் மஞ்சள் நிற லேன் துளைகளை விடச் சிறியதாக ஒன்றோ இரண்டோ துளை இருக்கலாம். டெல், போன், பாட்ஸ் என்று ஏதாவது எழுதியிருக்கும். பழைய போனின் வயரை அதில் செருக வேண்டும். எண்ணை நிறுவனம் தன் பக்கத்தில் உயிர்ப்பித்த பிறகே டயல் டோன் வரும்.

டோன் வந்தும் எண் போகவில்லை என்றால் போனைத் திருப்பிப் பாருங்கள். அடியில் டி, பி என்ற இரண்டு எழுத்துக்கு நடுவே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அது டி பக்கம் இருக்க வேண்டும். பி என்பது பல்ஸ். சுழற்றி டயல் செய்யும் காலத்து முறை. இன்றைய பெட்டிகள் பலவற்றுக்கு அது புரியாது. இன்னொன்று, 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அழைக்கும்போது எண்ணுக்கு முன் 0 சேர்க்க வேண்டும். புதிய இணைப்பு வேலை செய்யவில்லை என்று புகார் சொல்லும் முன் இதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சுவருக்குள் ஓடும் பழைய டெலிபோன் வயரிங்கையே பயன்படுத்தி அறைக்கு அறை போன் வைக்கலாம். அதற்கு முன் தெருக் கம்பத்திலிருந்து வரும் பழைய செம்பு லைனைக் கண்டிப்பாகத் துண்டித்துவிடுங்கள். இரண்டு பக்கத்து மின்சாரமும் ஒரே வயரில் கலந்தால் ஓஎன்டி பழுதாகும்.

போன் துளை இல்லாத பெட்டி என்றால் இணைப்பு நிறுவனத்தின் ஆப்பையோ, அனுமதி பெற்ற நிறுவனம் இன்டர்நெட் வழிப் பேச்சுக்குத் தரும் சிப் (SIP) கணக்கையோ மொபைலில் போட்டுக்கொள்ளலாம். சிப் கணக்குக்குப் பயனர் பெயர், பாஸ்வேர்ட், சர்வர் முகவரி மூன்றும் வேண்டும். போர்ட் வழக்கமாக 5060, மறையாக்கம் செய்ததென்றால் 5061. ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருந்தால் அதை ஆஃப் செய்துவிடுங்கள். உதவி செய்யப் போட்ட அந்த வசதி பல ரவுட்டர்களில் அழைப்பையே குழப்பிவிடுகிறது.

வரிசையில் சிக்கும் குரல்

எல்லாம் சரியாக இருந்தும் சில நேரம் மட்டும் குரல் உடையும். அந்த நேரத்தில் வீட்டில் யாரோ போட்டோ பேக்கப் போட்டுக்கொண்டிருப்பார்கள், அல்லது சிசிடிவி கேமரா வீடியோவை கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். வெளியே போகும் பாதை நிரம்பினால் ரவுட்டர் மிச்சத்தை வரிசையில் நிறுத்தும். மளிகைக் கடையில் மூட்டை மூட்டையாகச் சாமான் வாங்குபவருக்குப் பின்னால் தீப்பெட்டி வாங்க வந்தவர் நிற்பது போல, உங்கள் குரல் பொட்டலம் காத்துக் கிடக்கும்.

ரவுட்டரில் எஸ்க்யூஎம் அல்லது க்யூஓஎஸ் வசதி இருந்தால் ஆன் செய்து, அப்லோட் வேகத்தை உண்மையில் கிடைப்பதில் 85 முதல் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். 40 கிடைக்கிறதென்றால் 35 என்று போடுங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் வரிசையே உருவாகாது. அந்த வசதி இல்லாத பெட்டியில் பேக்கப்பை நடுராத்திரிக்கு மாற்றி வைப்பதே வழி.

கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு லேப்டாப் போதும். வழக்கமாகப் பேசும் இடத்தில் வைத்து, வைஃபையில் இணைத்து, பிங் கட்டளையை இரண்டு இடங்களுக்கு ஓட விடுங்கள். முதலாவது ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இரண்டாவது வெளியே, 8.8.8.8. ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் விடுங்கள்.

ரவுட்டருக்கே 3, 4, 90, 5, 210 என்று எண்கள் துள்ளினால் கோளாறு வீட்டு வைஃபையில். இடம், சேனல், பேண்ட் மூன்றையும் மறுபடி பாருங்கள். ரவுட்டருக்கு 2, 3 என்று அமைதியாக இருந்து வெளியே மட்டும் துள்ளினால் வரிசை நெரிசல் அல்லது லைன் பிரச்சினை. வீட்டில் மற்ற எல்லாச் சாதனங்களையும் நிறுத்திவிட்டு, லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் துள்ளினால் பிரச்சினை நிறுவனத்தின் பக்கம்.

மற்ற அறிகுறிகள்:

ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறது: சிப் ஏஎல்ஜி, அல்லது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரவுட்டர். ஓஎன்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் போட்டிருந்தால் ஒன்றை பிரிட்ஜ் அல்லது ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றுங்கள்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் ரிங் வருவதில்லை: சிப் ஆப்பில் கீப் அலைவ் நேரத்தை 20 முதல் 30 விநாடிக்குள் வையுங்கள்.

போனைத் திறந்தால்தான் மிஸ்டு கால் காட்டுகிறது: ஆண்ட்ராய்டின் பேட்டரி சிக்கனம் ஆப்பைத் தூங்க வைக்கிறது. அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

நம் குரலே திரும்பக் கேட்கிறது: பெரும்பாலும் எதிர்முனையில் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். அவரை ஹெட்செட் போடச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால்

பழைய செம்பு லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. ஊரே இருண்டாலும் டயல் டோன் இருக்கும். ஃபைபரில் ஒளி மட்டுமே வருகிறது. பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் போனும் இல்லை. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டிலும் அது மாறும் அந்தக் கணத்தில் சில பெட்டிகள் அணைந்து மறுபடி கிளம்பும்; பேசிக்கொண்டிருந்த அழைப்பு போய்விடும்.

ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் இதற்குத் தீர்வு. வாங்கும் முன் அடாப்டரின் பின்பக்கத்தைப் படியுங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட் மணி. சேதாரம் போக 30 என்று வையுங்கள். 10 வாட் இழுக்கும் ரவுட்டருக்கு மூன்று மணி நேரம் வரும். ஓஎன்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்குமே இது வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை

அவசரத்துக்கு 112 அழைக்கும்போது முடிந்தவரை டவர் வழியாக அழையுங்கள். வைஃபை வழியாகப் போனால் நீங்கள் இருக்கும் இடம் சரியாகத் தெரியாமல் போகலாம். எதில் அழைத்தாலும் முதல் வாக்கியத்திலேயே ஊர், தெரு, கதவு எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பிராட்பேண்டில் ஒரு பெட்டியை மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள், மாதா மாதம் வாடகை தருகிறோம் என்று யாராவது வந்தால் சம்மதிக்காதீர்கள். பல சிம்கள் செருகிய அந்தப் பெட்டி, வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் சிம் பாக்ஸாக இருக்கும். அது சட்டவிரோதம். போலீஸ் வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான்.

புகார் சொல்லும் முறை

இவ்வளவும் செய்த பிறகு லைனில்தான் கோளாறு என்று தெரிந்தால், வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து நெட் ஸ்லோவாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். அவர்கள் வேகச் சோதனை செய்யச் சொல்வார்கள், வேகம் சரியாக வரும், புகாரை மூடிவிடுவார்கள். லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்துச் சோதித்தேன், ரவுட்டருக்கு பிங் சீராக இருக்கிறது, வெளியே போகும்போது இத்தனை மில்லிசெகண்ட் வரை ஏறுகிறது, நூற்றுக்கு இத்தனை பொட்டலம் தொலைகிறது, இந்த நேரத்தில் இப்படி நடக்கிறது என்று எண்களோடு சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓஎன்டியில் வந்து சேரும் ஒளியின் அளவைப் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பக் கேளுங்கள். மடங்கிய வயரோ அழுக்கேறிய கனெக்டரோ இருந்தால் அந்த அளவு காட்டிக்கொடுத்துவிடும்.